குண்டனை விட்டுட்டீங்க

ஏங்க,

சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. குழாய் ரிப்பேர்காரர் நாலு மணிக்கு வருவார், கதவைத் திறங்க.

நான் டியூட்டியில இருந்தப்பவே வீடியோ கேம்ல கடைசி வில்லன் பாஸை ஜெயிச்சிட்டீங்களாம். பெரிய சூரர்தான். ரெண்டு வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்துதானே ஒவ்வொரு மான்ஸ்டரா பிடிச்சு வளர்த்தோம்? ஒரு நாள் பொறுக்க முடியலையா?

காலையில திறந்து பார்த்தேன். நாம முதல்முதலா பிடிச்ச குண்டனைக் காணோம். டீம்ல பலசாலி ஒண்ணுக்கு இடம் வேணும்னு அவனை விட்டுட்டீங்க. விட்டா திரும்ப வராது, நிச்சயமான்னு கேம் ரெண்டு தடவை கேட்டிருக்கும். ரெண்டு தடவையும் ஆமான்னு அழுத்தியிருக்கீங்க.

பின்குறிப்பு: தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு நேத்து சொன்னப்ப, டிவியைப் பார்த்துக்கிட்டே 'உம்' கொட்டினீங்க. திரும்ப வருவியான்னு ஒரு தடவைகூடக் கேக்கல.