கையை எடு

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஐந்தாவது மாடிக்கு இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று ஏற்றினோம். லிப்டில் நுழையவில்லை. மேல்பக்கம் எங்கள் கடை டெலிவரி வேன் டிரைவர், கீழ்ப்பக்கம் நான். பாரம் முழுக்க வழக்கம்போல என் நெஞ்சில். வீட்டுக்கார அம்மா, "அண்ணன் நல்ல பலசாலி" என்றார்கள். சிரித்துவைத்தேன்.

பலசாலியாம். போன வெள்ளிக்கிழமை டியூஷன் வாசலுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும் அந்த அம்மா.

பாப்பாவைக் கூட்டிவர கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தேன். ஒருவன் காரைப் பின்னால் எடுத்து வந்து இடித்தான். ஸ்கூட்டரின் கண்ணாடி தூள். இறங்கி வந்தான், என் தோள் உயரம்கூட இல்லை. என் சட்டைக் காலரைப் பிடித்து, "கண்ணு தெரியலையாடா?" என்றான். நின்ற வண்டிக்குக் கண் எதற்கு? இது இப்போது தோன்றுகிறது. அப்போது என் வாயில் வந்தது ஒன்றுதான் — சாரி சார், சாரி சார். காலரை அவன் கையிலேயே விட்டுவிட்டுக் கும்பிட வேறு செய்தேன். திரும்பினால் பாப்பா நிற்கிறாள். கூட இரண்டு சிநேகிதிகள்.

வழி முழுக்க இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று, "தெருமுனையிலேயே நில்லுங்கப்பா, நான் நடந்து வந்துடறேன்" என்றாள். இன்று காலை, "பஸ்லயே வந்துக்கறேன். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?" என்கிறாள்.

அலைச்சலாம். பதினாறு வயதில் அப்பனை எவ்வளவு நாசூக்காகக் கழற்றிவிடுகிறாள். படித்தவள்தான்.

மார்ச் 6, வியாழன்

மாலையில் ஒரு மணி நேரம் கையில் மிச்சமாகிவிட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றியபோது மருந்துக்கடை மாடியில் ஒரு போர்டு: கிக்பாக்சிங், புதியவர்களுக்கு. ஏறிவிட்டேன்.

ஒரே வாரத்தில் ஒருவனை ஒரே குத்தில் சாய்க்கச் சொல்லித்தருவார்கள் என்று நினைத்தேன். முதலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவர் நகமாகப் பார்த்தார்கள், ஒண்ணாம் வகுப்பு டீச்சர் மாதிரி. என் கால் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு நகவெட்டியை எடுத்து நீட்டினார் மாஸ்டர். மாஸ்டர் ஒரு பெண். என் தங்கையைவிடச் சின்ன வயது.

பிறகு கயிறு தாண்டல். கயிறு தாண்டியது, நான் தாண்டவில்லை. பிறகு நிற்பது. இடது கால் முன்னால், வலது குதிகால் லேசாக மேலே, முட்டி இளகி, தாடை கீழே, இரண்டு கையும் கன்னத்தில். பல்வலிக்காரன் மாதிரி ஒரு மணி நேரம் நின்றேன். யாரையும் அடிக்கவில்லை, யாரும் என்னையும் அடிக்கவில்லை. நாற்பத்தாறு வருஷம் தப்பாக நின்றிருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது.

வீட்டில், கடையில் சரக்கு வந்தது என்று சொல்லிவைத்தேன்.

மார்ச் 8, சனி

படி ஏற முடிகிறது, இறங்க முடியவில்லை. சோபாவோடு சேர்த்து என்னையும் இறக்கிவிடு என்றேன் டிரைவரிடம். அவன் சிரிக்காமல் கயிற்றைத் தேடினான்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று அடிக்க விட்டார்கள். ஆளை இல்லை, பேடை. ஒருவர் இரண்டு கையிலும் மெத்தை மாதிரி பேடை மாட்டிக்கொண்டு நிற்க, மற்றவர் குத்த வேண்டும். கைக்கு முதலில் நீளத் துணிப்பட்டை சுற்ற வேண்டும். நான் சுற்றியதைப் பார்த்து, "எலும்பு முறிஞ்சவங்ககூட இவ்வளவு சுத்த மாட்டாங்கண்ணே" என்றார் மாஸ்டர்.

என் ஜோடி ஒரு பேங்க் கேஷியர் அம்மா. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களாம். முதல் குத்து விட்டதும் என் வாயில் தானாக, "சாரிம்மா." இரண்டாவதுக்கும் சாரி. உதை விட்டபோது உதைக்கு முன்பே சாரி.

"அண்ணே, நான் இதுக்குத்தானே பிடிச்சிட்டு நிக்கிறேன்" என்றார் அவர்.

"தெரியுதும்மா. சாரி."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. இனிமேல் என் பேர் சாரி அண்ணன். நானும் சேர்ந்து சிரித்தேன், அதில் நான் கெட்டிக்காரன்.

பேடு பிடிக்கும் முறை வந்தபோது ஒன்று நடந்தது. கேஷியர் அம்மா முழு பலத்தோடு உதைத்தார், நான் அசையவில்லை. அடி வரும்போது நாமும் ஒரு இழை முன்னால் போய் வாங்க வேண்டுமாம். எனக்கு யார் சொல்லித்தர வேண்டும், ஃப்ரிட்ஜ் வழுக்கினால் அப்படித்தானே வாங்குகிறேன். "சுவர்ல உதைச்ச மாதிரி இருக்கு" என்றார் மாஸ்டர். வாங்குவதில் நான் முதல் மாணவன். இதைப் பெருமை என்பதா, என்னவென்று சொல்வது?

மார்ச் 13, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன்.

வகுப்பு முடிகிற நேரம் மாஸ்டரிடம் மெதுவாகக் கேட்டேன், "ஒருத்தன் சட்டையைப் பிடிச்சா என்ன செய்யணும்?" எனக்குத் தனியாகச் சொல்லித்தருவார் என்று பார்த்தால், எல்லோரையும் நிறுத்திவிட்டார். "அண்ணன் நல்ல கேள்வி கேட்டிருக்காரு. வாங்க."

ஒரு காலைப் பின்னால் வை. கைகளை மார்புக்கு முன்னால் கொண்டுவா. அவன் கண்ணைப் பார். சத்தமாகச் சொல்: கையை எடு. அவ்வளவுதான்.

"குத்து?" என்றேன்.

"முதல்ல வாய்ல வரட்டும்ணே. வாய்ல வராதது கைல வராது."

கேஷியர் அம்மா என் பனியனைப் பிடித்தார். கொஞ்சம் உலுக்கினார், முறைத்தார். பாவம், நன்றாகத்தான் செய்தார். நான் காலைப் பின்னால் வைத்தேன். கையைக் கொண்டுவந்தேன். வாயைத் திறந்தேன்.

"சாரி."

எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் கையை எடுத்துவிட்டார், அவர் மட்டும் சிரிக்கவில்லை. நான் விளையாடவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டேன். என்னய்யா ஆளு நீ? ரெண்டு வார்த்தை. ஒரு பொம்பளை விளையாட்டுக்குப் பிடிச்சா அதுக்கும் சாரியா? பீரோவைத் தூக்குற உடம்புல இதைத் தூக்க முடியலையா?

மார்ச் 15, சனி

போகவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன். பைக்குள் இருந்த துணிப்பட்டைகளை மனைவி துவைக்க எடுத்துவிட்டாள்.

"என்னங்க இது, முழம் முழமா கட்டுத் துணி? எங்க அடிபட்டுச்சு? மறைக்காம சொல்லுங்க."

சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. அதற்குமேல் பொய் வரவில்லை, சொல்லிவிட்டேன்.

"எலியைக் கண்டா என்னைக் கூப்பிடுற ஆளு."

"அது வேற."

சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாப்பா உள்ளேயிருந்து வந்தாள். அவள் சிரிக்கவில்லை. முகம் வெளிறிவிட்டது.

"அந்தக் கார்காரனைத் தேடிப் போய் அடிக்கப் போறீங்களாப்பா?"

"ச்சே, இல்ல பாப்பா. நான் இன்னும் கயிறே தாண்டல."

"பின்ன எதுக்கு?"

என்ன சொல்வது? நீ மறுபடியும் என் வண்டியில் ஏற வேண்டும் என்பதற்கு என்று சொல்ல முடியுமா? "உனக்கு என்னால வெட்கமா இருந்திருக்கும்ல" என்றேன். இல்லை என்பாள் என்று நினைத்தேன்.

"ஆமா, இருந்துச்சு" என்றாள்.

துணியைப் பிழிந்துகொண்டிருந்த மனைவி கையை நிறுத்திவிட்டாள்.

"நீங்க அடிக்கலன்னு இல்லப்பா. இடிச்சது அவன். நான் பார்த்தேன். 'என் வண்டி நின்னுட்டுதான் இருந்துச்சு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. அவன்கிட்ட வேண்டாம், வர வழியில என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். நீங்களே உங்க மேலதான் தப்புன்னு நம்பிட்ட மாதிரி வந்தீங்க."

உள்ளே போய்விட்டாள். துணிப்பட்டைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அடி வாங்குவதில் முதல் மாணவன், இதை வாங்கத் தெரியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

போனேன். கேஷியர் அம்மாவிடம் நானே, "கொஞ்சம் பனியனைப் பிடிங்கம்மா" என்றேன். பிடித்தார்.

"கையை எடுங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை.

"மரியாதையாவே சொல்லுங்கண்ணே, பரவாயில்லை" என்றார் மாஸ்டர். "ஆனா எனக்குக் கேக்கணும்."

எத்தனை தடவை என்று கணக்கில்லை. கடைசியில் கீழே மருந்துக்கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார். பனியன் கழுத்து தொளதொளவென்று ஆகிவிட்டது. மனைவிக்கு என்ன பதில் சொல்வது?

மார்ச் 25, செவ்வாய்

இரண்டாவது மாடியில் ஒரு வாஷிங்மெஷின். நாங்கள் உள்ளே நுழைவதற்கு முன்பே நிலைக்கதவில் ஒரு கீறல். அந்த வீட்டுக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "டேய், கதவைக் கெடுத்துட்டியே" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினார். டிரைவர் தரையைப் பார்த்தான்.

வலது கால் மட்டும் தானாகப் பின்னால் போனது. தாடை கீழே.

"சாரி சார், கையை எடுங்க. நான் இடிக்கல. மெஷின் இன்னும் வெளியில, படிக்கட்டுலதான் இருக்கு."

சாரி முந்திக்கொண்டது. அது என் கூடவே பிறந்தது போலிருக்கிறது. குரலும் நடுங்கியது. அவர் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். கையை எடுத்தார். "சரி சரி, சீக்கிரம் வைங்க." அவ்வளவுதான். மெஷினை வைத்துக் குழாயை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம். கீழே வந்து வண்டியில் உட்கார்ந்தோம். டிரைவர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான்.

வீட்டில் பாப்பாவிடம் சொன்னேன். வீரமாகச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி.

"சாரி சொன்னீங்களா?" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு."

புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். "கையை எடுங்கன்னதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

"அப்ப ஓகே."

அப்புறம் நானாகவே சொன்னேன், "அன்னைக்கு என் வண்டி நின்னுட்டுதான் இருந்துச்சு பாப்பா." அவள் தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்ப்பா" என்றாள்.

மார்ச் 31, திங்கள்

ஸ்கூட்டருக்குப் புதுக் கண்ணாடி மாட்டினேன். பிறகு மாஸ்டரிடம் போய், மாலை வகுப்பு முடியாது, காலை வகுப்புக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றேன். காலையில் எல்லோரும் காலேஜ் பிள்ளைகள், கயிறு காற்றாகப் பறக்கும் என்று எச்சரித்தார். இன்னொரு முறை மானம் போகட்டும்.

"சாயங்காலம் என்னண்ணே வேலை?" என்று கேட்டார்.

பொண்ணைக் கூட்டிட்டு வரணும் என்றேன். நாளையிலிருந்து. தெருமுனையில் நிற்கவா என்று கேட்டதற்கு, "அங்க எதுக்கு? கேட் பக்கத்துலயே நில்லுங்க" என்று சொல்லியிருக்கிறாள்.