ஏழு மேசைக்குத் தாள்

கெலிஓயா
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் அரூஸுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். டோஹாவில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே உயிரோடு இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ், ஆனால் எல்லாரும் சுகம் என்று எழுதினால் அது பொய். போனில் எடுத்தால் நீயும் கத்துகிறாய், நானும் கத்துகிறேன், கடைசியில் யார் முதலில் வைத்தது என்பதுதான் மிச்சம். பின்வீட்டு ஷப்ராஸ் லீவு முடிந்து நாளைக்கு அங்கே வருகிறான் என்றதும் அவன் பையில் வைத்து அனுப்ப இதை எழுதுகிறேன். கடிதத்தின் நடுவில் புகுந்து கத்த உனக்கு ஏலாது, வாசித்து முடிக்கத்தான் வேண்டும்.

முதலில் உன் குரல் பதிவு. வாப்பாவை அடித்தவன்களின் வீட்டைத் தேடிப் பிடித்துக் கொளுத்துங்கள், பேப்பர் கட்டுத் தந்த எதிர்வீட்டு மிஸ்ஸையும் விடாதீர்கள், அவதான் வேண்டுமென்று அந்தப் படத்தை வைத்துத் தந்தது என்று கூட்டாளிமாருக்கு அனுப்பினாயே, அது கை மாறிக் கை மாறி என் காதுக்கே வந்துவிட்டது. நீ மட்டும் கிட்ட இருந்திருந்தால் செவிட்டைப் பொத்தி இரண்டு போட்டிருப்பேன். நேற்று உன் கூட்டாளி முனாஸ் வேறு கேட்டில் வந்து நின்று, மாமி, ஆளுங்க ரெடி, அரூஸ் நிப்பாட்டச் சொல்லாம நாங்க நிக்க மாட்டோம் என்றான். ஷப்ராஸிடம் அரூஸுக்குக் கடிதம் கொடுத்து விடுகிறேன் என்று சொல்லித் தும்புத்தடியால் விரட்டினேன். ஓடின பிறகு சந்தியில் நின்று, சரி, ஷப்ராஸ் கடிதத்தைக் குடுக்கிற வரைக்கும் பொறுக்கிறோம் என்று கத்திவிட்டுப் போனான். ஆகவே இப்போது எல்லாம் உன் வாயில் இருக்கிறது.

நடந்ததை நீ யார் யாரோ சொல்லித்தான் கேட்டிருக்கிறாய், பார்த்தவள் சொல்கிறேன் கேள். நம் நர்சரி மேசைகளில் பழைய பேப்பர் விரித்துத்தான் மண் கலக்கிறோம் என்பது உனக்குத் தெரியும், வேர் அழுகல் ஒரு மேசையிலிருந்து மற்றதுக்குப் போகாமல் வாரத்துக்கு ஒருதரம் சுருட்டி எறிந்துவிட்டுப் புதிது விரிப்போம். பேப்பர் முழுக்க எதிர்வீட்டு குசுமாவதி மிஸ் தருவது, அதற்குப் பதிலாக அவருக்கு அந்தூரியக் கன்று. கட்டைப் பிரித்ததும் அரபு எழுத்துள்ள தாளையும் புத்தர் படம், சாமி படம் உள்ள தாளையும் நான் எடுத்து வைத்துவிடுவேன், அதில் என் கை தவறினதே இல்லை. அன்றைக்கு நான் பிரஷர் மருந்து எடுக்கக் கிளினிக் போயிருந்தேன், வாப்பா கண்ணாடி போடாமல் விரித்துவிட்டார். வெசாக் பண்டிகைப் பக்கம், புத்தர் படம் கீழே பார்த்தபடி இருந்திருக்கிறது. மண்ணை ஒதுக்கும்போது தாள் புரண்டு படம் மேலே வந்து அதன்மேல் மாட்டெரு விழுந்துவிட்டது. கன்று வாங்க வந்த ஒருத்தன் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போனான். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் வாப்பா அந்த இடத்திலேயே எடுத்துத் துடைத்து மன்னிப்புக் கேட்டிருப்பார்.

நான் கிளினிக்கால் வந்து செருப்பைக் கழற்றவில்லை, மோட்டார் சைக்கிள்களில் வந்து இறங்கினார்கள், ஒருத்தனும் இந்தப் பக்கத்து முகமில்லை. இரண்டு பேர் வாப்பாவைக் கழுத்தில் பிடித்துக் கேட்டுக்குப் பக்கத்துக் கேட்டடி மேசையில் முகத்தை அழுத்தினார்கள். ஒருத்தன் வலது கையை இழுத்து அந்தத் தாளின்மேல் விரித்து வைத்தான், இன்னொருத்தன் நம் மண்வெட்டியையே எடுத்துத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் அடித்தான். காய்ந்த கொப்பு முறிகிற சத்தம் கேட்டது, மகன். இரண்டாவது அடிக்கு வாப்பா கத்தவும் இல்லை. கலஹாவிலிருந்து வந்து நமக்கு மண் பை நிரப்புகிற இராஜேஸ்வரி, ஐயாவ விடுங்கடா நாசமா போறவனுங்களா என்று பூவாளியால் ஒருத்தன் மண்டையில் போட்டாள், அவன் திரும்பி மண்சட்டியால் அவள் நெற்றியைப் பிளந்துவிட்டான். கண்ணெல்லாம் இரத்தம் வழிய அவள் மறுபடியும் ஓங்கினாள். பக்கத்து மேசையில் கிடந்த கொப்பு வெட்டும் கத்தரியை எடுத்துவிட்டேன். மண்வெட்டி பிடித்தவனின் கழுத்து எனக்கு எட்டும் தூரம். குத்தத்தான் போனேன், வல்லாஹி, குத்தியிருப்பேன். மேசையில் கன்னம் நசுங்கினபடியே வாப்பா, வாணாம் குல்சும், கீழ போடு என்றார். அந்தக் குரலுக்குத்தான் நின்றேன். இன்னும் அந்தக் கை அரிக்கிறது. ஆகவே கோபம் என்றால் என்னவென்று நீ எனக்குச் சொல்லித்தர வர வேண்டாம்.

அப்போதுதான் குசுமாவதி மிஸ் வீட்டுக் கவுனோடு, காலில் செருப்பு இல்லாமல் ஓடி வந்தார். வாப்பாவின் உடைந்த கைக்குக் கீழிருந்து தாளை மெதுவாக உருவி, எருவைக் கவுனால் துடைத்து, நெற்றியில் வைத்துக் கும்பிட்டார். பிறகு அவன்களைப் பார்த்து, இது என் வீட்டிலிருந்து வந்தது, கட்டினது நான், அடிப்பதானால் என்னை அடி என்று சிங்களத்தில் கத்தினார். ஒருத்தன் பிடித்துத் தள்ளினான், அந்த மனுசி ரோட்டோரக் கானுக்குள் விழுந்து மணிக்கட்டு எலும்பு வெடித்துவிட்டது. அவர் விழுந்த பிறகுதான் அவன்களுக்குப் பயம் வந்தது, போகிற போக்கில் மற்ற ஆறு மேசையையும் புரட்டி உடைத்துவிட்டு ஓடினார்கள். பொலிஸில் முதல் வாக்குமூலம் கொடுத்ததும் மிஸ்தான், இரண்டு பேர் பிடிபட்டும்விட்டார்கள். அந்த மிஸ்ஸைத்தானா நீ விடாதீர்கள் என்றாய்? உன் கூட்டாளிமார் ஒரு வீட்டில் தீ வைத்தால் அடுத்தது இந்த ஒழுங்கை வீடுகளுக்குத்தான் வரும், நீ அங்கே ஏசிக்குள் இருப்பாய், எரிவது எங்கள் கூரை.

சரி, இப்போது உனக்கு ஒரு வேலை. இனிமேல் பழைய பேப்பர் வேண்டாம் என்று முடிவெடுத்தாயிற்று. எந்தப் பாஷை எழுத்தும் யாருடைய முகமும் இல்லாத வெறும் பிரவுன் பேப்பர் கம்பளையில் ரோலாக விற்கிறார்கள், அகலம் மூன்று அடி, நீளம் நூற்றைம்பது அடி. நம் மேசை இரண்டரை அடி அகலம், எட்டு அடி நீளம், சுற்றிவர மூன்று அங்குலம் மடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மண் கீழே கொட்டும். தச்சர் வந்து ஆறு மேசையையும் நிமிர்த்தித் தந்துவிட்டார். எத்தனை ரோல் என்று கேட்டதற்கு வாப்பா, ஒன்னு போதும், அது முடியிறதுக்குள்ள காணிய வித்துட்டு அக்குறணைக்கு, நம்ம ஆளுங்கட பக்கமே போயிரலாம் என்றார். நான் அளந்து பார்த்தேன், ஆறு மேசைக்கு ஒரு ரோல் மூன்று வாரம்கூட வராது. மூன்று வாரம்தான் இந்த ஊரில் இருப்பதா? எனக்கு விசர் வந்துவிட்டது, ஆனால் கட்டுப்போட்ட கையோடு இருக்கிற மனுசனிடம் என்னத்தைச் சண்டை பிடிப்பது. உனக்கு அங்கே மாடி மாடியாக எத்தனை டைல் வேண்டும் என்று கணக்குப் போடுவதுதானே உத்தியோகம், இதற்கும் போடு. ஒரு வருஷத்துக்குப் போடு. மழை மாதங்களில் தாள் ஊறிக் கிழிந்து வாரத்துக்கு இரண்டு தரம் மாற்ற வேண்டி வரும், அதையும் சேர். எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கினால் ஈரம் பிடிக்குமா, கறையான் வருமா என்றும் யோசித்துச் சொல்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கதிரையில் சாய்ந்திருந்த வாப்பா, எத்தின மேசண்டு எழுதின என்று கேட்டார். ஆறு என்றேன். கேட்டடி மேச எங்க என்றார். அவன்கள் புரட்டாமல் விட்டது அது ஒன்றைத்தான், எவ்வளவு தேய்த்தும் பலகையில் அவருடைய இரத்தம் போகவில்லை. கொத்தி அடுப்பில் வைக்கப் போகிறேன் என்றேன். அவர் கட்டுப்போட்ட கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அதுலதான் வெளிச்சம் நல்லம், ஏழுண்டு எழுது என்றார். நான் குசினிக்குள் போய் அழுதுவிட்டு வந்து எழுதுகிறேன். ஏழு மேசை, மகன்.

ஷப்ராஸ் இதைத் தந்த உடனேயே முனாஸுக்கு உன் சொந்தக் குரலில் நிப்பாட்டு என்று அனுப்பு, மிஸ்ஸுக்கும் ஒரு போன் கோல் எடுத்து மன்னிப்புக் கேள், சிங்களம் மறந்திருந்தால் தமிழிலாவது கேள், அவருக்கு விளங்கும். நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் நாவையும் கையையும் நல்லதில் வைப்பானாக, உன் ஆயுளை நீளமாக்குவானாக. தாள் கணக்கை மறந்துவிடாதே, வாப்பா காத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் உம்மா
மர்சூக் உம்மு குல்சும்