மாமா சொன்ன வரிசை

விருத்தாசலம்
20.5.1977

அன்புள்ள தம்பிக்கு,

மாமாவுக்கு இப்போது இருமல் இல்லை. பங்குனியில் நின்றுவிட்டது. பதினாறாம் நாள் காரியமும் ஆயிற்று. தந்தி கிடைத்திருக்கும்.

பேப்பரில் உன் போட்டோ பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத தூளில் மருந்தை ஏற்றி, உடம்பில் நோவுள்ள இடத்துக்கு மட்டும் அனுப்பப் போகிறாயாம். தூள் கட்டிதட்டாமல் மிதக்கும் வழியை நீயே கண்டுபிடித்தாயாம்.

அது கட்டிதட்டுகிறதென்று லீவில் வந்து எங்கள் வீட்டில்தானே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாய்? பீங்கான் பட்டறையில் இருபது வருஷம் மண் கரைத்த மாமா, இருமிக்கொண்டே வாளியில் கரைத்துக் காட்டினார். “மொதல்ல தண்ணியில மண்ணப் பிரிக்கிற சிலிகேட்ட வுடு மாப்ள, அப்புறந்தான் தூளு. மாத்திப் போட்டா கட்டிதட்டிடும்.”

சீமைக்குப் போய் எழுதினாய்: ‘மாமா சொன்ன வரிசையிலேயே போட்டேன். தூள் மிதக்கிறது.’ அந்தக் கடிதம் அவர் தலையணைக்கடியிலேயே இருந்தது. “எம் பேரையும் போடுவான் பாரு” என்பார்.

பேப்பரில் இரண்டு முறை தேடினேன். இல்லை.

நான் ஊரைக் கூட்டவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வாத்தியாரைக் கொண்டு உன் கடிதத்தை இங்கிலீஷில் எழுதவைத்து, அசலோடு உன் புரொபசருக்கு ரிஜிஸ்டரில் அனுப்பினேன். நோவுள்ள இடத்துக்கு மட்டும்.

புரொபசர் கையெழுத்துப் போட்டு வாங்கிய அட்டை நேற்று வந்தது. அப்புறந்தான் உனக்கு எழுதுகிறேன். வரிசையை மாற்றக் கூடாதென்று மாமா சொல்லியிருக்கிறாரே.

உன் அக்கா