புகை விடாத புகைபோக்கி

குனோங் ராபாட், ஈப்போ
4.9.1988

அன்புள்ள மாமாவுக்கு நவமணி எழுதுவது.

நான் சுகம். பாப்பாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் மலையில் வெடி வைத்துக் கல் எடுக்கிறார்கள். காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளைத் தூசி. போன வாரம் பள்ளிக்கூடத்தில் பாப்பாவுக்கு மூச்சு முட்டி உதடு நீலமாகிவிட்டது. ஆசிரியைதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். "இந்தத் தூசியில பிள்ளய வச்சிருக்காதீங்கம்மா. இன்னொரு தடவ வந்தா தாங்காது" என்றார் டாக்டர்.

குட்டையில் ஈயம் தோண்டும் ஈயக்கப்பலில் வேலை போனதும் ஸ்பெயினுக்குப் போனீர்கள். அங்கே எதில் ஏறி வேலை செய்கிறீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. பாப்பாவோடு வயல்வெளி ஊரான பாகான் செராய்க்கு, மங்களம் அக்கா வீட்டுக்குப் போகட்டுமா?

உங்கள் நவமணி

ஸ்பெயின்
27.9.1988

அன்பு நவமணிக்கு,

உன் கடிதம் பார்த்ததும் சோறு இறங்கவில்லை. சன்னலில் ஈரத்துணி கட்டு.

நான் வேலை செய்வது ஒரு புகைபோக்கியில். ஆனால் இது புகை விடாது. சுற்றிலும் பெரிய கண்ணாடிப் பந்தல். வெயிலில் உள்ளே காற்று சூடாகி, நடுவில் குழாய்போல் நிற்கும் கோபுரம் வழியாக மேலே ஓடும். ஓடுகிற வேகத்தில் விசிறி சுழன்று மின்சாரம் வரும். பந்தல் ஓரத்தில் வடிகட்டி வைத்தால் ஊர்க்காற்றின் தூசியையும் பிடித்துவிடலாமாம். "உங்கள் ஊரிலும் வெயில் இருக்கிறதே" என்றார் எங்கள் பொறியாளர். ஈப்போவுக்கு வந்து இடம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அங்கேயும் இப்படி ஒரு கோபுரம் வந்துவிட்டால் பாப்பா நம் வீட்டிலேயே நன்றாக மூச்சு விடுவாள். அதுவரை பொறு, வீட்டை விட்டுப் போகாதே.

ஒன்றை மறைக்க மனமில்லை. கோபுரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிவடங்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அவை துருப்பிடித்துவிட்டன. சோதனைக்காகக் கட்டியது, பெருங்காற்றைத் தாங்காது என்று பொறியாளரே சொல்கிறார். காற்று எழும்பினால் வடங்கள் ஊளையிடும். அப்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பேன்.

உன் உடையப்பன்

குனோங் ராபாட்
20.10.1988

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடி இருந்து பார்த்தேன். ஈரத்துணி மாலைக்குள் சாந்து பூசியதுபோல் ஆகிவிடுகிறது. நேற்று பாப்பா, "அம்மா, நெஞ்சுக்குள்ள பூனை கத்துது லா" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்கவேயில்லை. பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்கா, "மொதல்ல கெளம்பு. ஒம் புருசனுக்கு அப்பறமா எழுதிக்கலாம்" என்றார்.

நாளை பஸ் ஏறுகிறோம். உங்கள் பேச்சை நான் மீறியதில்லை. கோபப்பட்டாலும் சரி, அந்த வடங்களுக்குக் கீழே மட்டும் நிற்காதீர்கள்.

நவமணி

ஸ்பெயின்
22.1.1989

அன்பு நவமணிக்கு,

கோபம் இல்லை. கோபுரம் விழுந்துவிட்டது.

புயல் அடித்தபோது பந்தலுக்குள் இருந்தேன். ஒரு வடம் அறுந்தது. "ஓடு" என்று யாரோ கத்தினார்கள். கண்ணாடி நொறுங்கும் சத்தம் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. எல்லோரும் தப்பித்தோம். எனக்குத் தோளில் மட்டும் கிழிந்தது. கண்ணை மூடினால் இப்போதும் அந்தச் சத்தம்தான்.

இதைவிடப் பெரிதாகக் கட்டுவோம், இரு என்கிறார் பொறியாளர். அவர் பொய் சொல்கிறவர் இல்லை, என்றாவது கட்டுவார்கள். நான் இருக்கமாட்டேன் என்றேன். பாகான் செராய்க்கே வருகிறேன். பாப்பாவின் மூச்சு எப்படி இருக்கிறது?

உடையப்பன்

பாகான் செராய்
9.2.1989

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காதான் வாசித்துக் காட்டினார். என் கண்ணில் எழுத்து நிற்கவில்லை. தோள் ஆறிவிட்டதா?

பாப்பா வயல் வரப்பில் ஓடுகிறாள். மூச்சில் சத்தம் இல்லை. ஆனாலும் அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டுதான் நான் தூங்குகிறேன்.

கோபுரம் விழுந்ததில் எனக்கும் வருத்தம்தான். உங்கள் உயிருக்குப் பயந்தேன்; அது நிற்கவேண்டும் என்றும் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே அறுப்பு முடிந்தது. அடுத்த வாரம் வைக்கோலைக் கொளுத்துவார்களாம். "கொஞ்ச நாளைக்குப் பொகையாத்தான் இருக்கும், கதவச் சாத்திக்கலாம்" என்கிறார் அக்கா. கதவைச் சாத்தினால் போதுமா, மாமா? சீக்கிரம் வந்துவிடுங்கள்.

நவமணி