பின்னறைத் தரை

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

அங்கே எல்லோரும் சுகம்தானே? இங்கே எனக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. உங்கள் தங்கச்சியைக் காணோம். ஞாயிற்றுக்கிழமை பின்னறைக்கு டைல்ஸ் பதித்தேன். "ஊருக்கெல்லாம் தரை போடுறீங்க, நம்ம வீட்டுக்கு எப்போ?" என்று அரித்துக்கொண்டே இருந்தாளே, அந்த அறைதான். பொழுது சாயும்போது வேலையை முடித்து, அசதியில் அப்படியே படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் ஆள் இல்லை. பக்கத்து வீடு, தையல் கடை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் தேடியாயிற்று. வெளியே தலைகாட்ட முடியவில்லை. போலீஸ்காரர் நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்.

உங்கள் மாப்பிள்ளை

மார்ச் 8

மாப்பிள்ளைக்கு,

கடிதம் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வாயாடி என்னிடம் சொல்லாமல் எங்கேயும் போக மாட்டாளே! சண்டை ஏதும் நடந்ததா? மறைக்காதீர்கள். என்னென்ன எடுத்துக்கொண்டு போனாள்? பெட்டி இருக்கிறதா? சாப்பிடாமல் கிடக்காதீர்கள். நான் லீவு கேட்டிருக்கிறேன்.

உங்கள் மச்சான்

மார்ச் 12

அன்புள்ள மச்சானுக்கு,

சண்டையெல்லாம் இல்லை, வழக்கமான வாய்த் தகராறுதான். துணிமணியைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். பெட்டி பின்னறைப் பரணில் இருப்பது உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் வேலை முடித்தபோதுகூட அங்கேதான் இருந்தது. நான் தூங்கிய நேரம் பார்த்து இறக்கியிருக்கிறாள். நீங்கள் லீவு போட்டு அலைய வேண்டாம், போனவள் தானாக வருவாள்.

பின்னறையை மட்டும் பார்த்தால் அசந்துபோவீர்கள் மச்சான். ஒரு கல் ஏறி இறங்கவில்லை, ஒரு கால் தடம் விழவில்லை. அவளுக்குத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

உங்கள் மாப்பிள்ளை

மார்ச் 17

மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை.

என் வீட்டு அடுப்படிக்கு நீ தரை போட்ட அன்று, தண்ணீர் எடுக்க நான் ஒரு கால் வைத்தேன். "மச்சான், ரெண்டு நாளைக்கு யாராவது மிதிச்சீங்க, கால வெட்டிருவேன்!" என்று கத்தினாய். கல் அமுங்கிப்போய், பெயர்த்து மறுபடி பதித்தாய். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம், அவளும்தான். ஈரத் தரையில் நடந்து, ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கியவளின் தடம் எங்கேடா? உன் வேலைப் பெருமையை என்னிடமே அளந்துவிட்டாய்.

இதைத் தபாலில் போடவில்லை. உன் வாசலுக்கு வரும் இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்திருக்கிறேன். நான் தெருமுனையில் நிற்கிறேன். உள்ளே வந்தால் உன்னைக் கொன்றுவிடுவேன், அதனால்தான். அவர்களோடு ஒரு கொத்தனாரும் வருகிறார். எங்கே பெயர்க்க வேண்டும் என்று நீயே காட்டிவிடு. கடப்பாரையை ஓங்கிப் போட வேண்டாம் என்று அவரிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். கீழே என் தங்கச்சி படுத்திருக்கிறாள்.

அவள் அண்ணன்