பீலியில் வெள்ளச்சி குடித்த தண்ணீர்

என் அக்காவுக்கு,

உன் முதல் வருஷப் படையலுக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டு நேற்றுத்தான் கொழும்புக்குத் திரும்பினேன். நீ எதிரில் உட்கார்ந்திருந்தால் முதலில் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அத்தான் எப்படி இருக்கிறார்? வெள்ளச்சி இன்னும் இருக்கிறதா? இரண்டும் ஒரே கேள்விதான் என்பது இந்தத் தடவை போன பிறகே எனக்கு விளங்கியது.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். பத்திரிகைக்காரனான எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

வெள்ளச்சி இருக்கிறது. பின்னங்கால்கள்தான் கைவிட்டுவிட்டன. தொடைச் சதை வற்றிப்போய், பாதத்தை ஊன்றாமல் கணுக்கால் வரை தரையில் பதித்து நடக்கிறது. லயத்து வரிசை வீட்டுப் படி ஏற முடிவதில்லை. அத்தான் பழைய படங்குச் சாக்கு ஒன்றை நீளமாகக் கிழித்து, வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் ஒரு கையில் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொடுக்கிறார். முன்னால் நடப்பது நாயின் கால்கள், பின்னால் நடப்பது அத்தானின் கால்கள். பிரசவம் என்று ஆள் வந்தால் மழையிலும் உனக்கு முன்னால் ஓடி மற்ற லயங்களுக்கு வழிகாட்டிய நாய் அது.

சாக்கடைக் கான் ஓரத்தில் அது சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "இதுக்கும் என் வியாதிதாண்டா." நுவரெலியா மாட்டு டாக்டர் முதலில் சிரித்தார். சோதித்துப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. நாய்க்கு இன்சுலின் போடுவதைப் படித்திருக்கிறேன், போட்டதில்லை என்று உள்ளதைச் சொன்னார். மருத்துவிச்சிக்கும் சீனி வியாதி, அவள் நாய்க்கும் சீனி வியாதி என்று லயமே பேசியது.

இப்போது காலையில் அத்தான் ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு பனிக்குள் வெள்ளச்சியின் பின்னால் போகிறார். அதில் பிடித்ததை, சிறுநீரில் சீனி பார்க்க நீ வைத்துவிட்டுப் போன நீல மருந்தில் சில துளி விட்டுச் சூடாக்குகிறார். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று போகப் போகக் கெட்டது. பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா, அதுதான் உன் கையில் பிள்ளைகளையெல்லாம் பெற்றவள், ஒரு நாளும் இதைச் சும்மா விடுவதில்லை.

"என்னண்ணே, செரட்டையோட பின்னாலயே போறீங்க. பிச்சை போடுதா?"

"போட்டா ஒனக்கும் பங்கு தாரேன், போ."

பிறகு கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து, ஈரமணல் சட்டிக்குள் குளிரவைத்திருக்கும் இன்சுலின் போத்தலை எடுக்கிறார். உன் பார்வை மங்கத் தொடங்கியபோது ஒரு பேரிக்காயில் குத்திக் குத்திப் பழகிய கை. நீ பக்கத்தில் உட்கார்ந்து, "காய்க்கு வலிக்கப்போவுது, மெதுவா" என்று கேலி செய்தாய். இப்போது அந்தக் கை நடுங்குவதே இல்லை.

படையலுக்கு முதல் நாள் அத்தானிடம் நேராகவே பேசினேன். "எங்களோட கொழும்புக்கு வந்துருங்க அத்தான். இந்தக் குளுருல தனியா எதுக்கு?"

"இதை என்ன செய்ய?"

"மாட்டு டாக்டர்கிட்டக் கேட்டா வலி இல்லாம ஒரு ஊசி போடுவாரு. பாவம், அதுவும் கஷ்டந்தானே படுது."

அவர் சாக்குத் துண்டை மடித்து வைத்தார். "காலையில எந்திரிச்சா ஒரு வேலை வேணும்ல மாப்ள" என்றார்.

மறுநாள் படையல். நீ பிரசவம் பார்த்த வீடுகளிலிருந்தெல்லாம் வந்தார்கள். பிள்ளை பிறந்த வீட்டில் மருத்துவிச்சி கையில் கற்கண்டோ சீனியோ கொடுப்பது வழக்கம் அல்லவா? நீ அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாய். அந்தக் குறை அவர்கள் மனதில் கிடந்திருக்கிறது. "உசிரோட இருக்கயில வாயில வைக்கல. இன்னைக்காவது தின்னட்டும்" என்று ஆளுக்கு ஒன்று செய்து கொண்டுவந்தார்கள். அதிரசம், சர்க்கரைப் பொங்கல், பால்கோவா. இலையில் உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்புக்கு இடம் இல்லை. வேண்டாம் என்று யார் சொல்வது? அது உனக்கு அவர்கள் காட்டும் அன்பு.

கூரையில் ஓர் இலையும் வெளிவாசலில் ஓர் இலையும் வைத்துவிட்டுக் காகத்தைக் கூப்பிட்டோம். பனி மூடியிருந்தது, ஒரு காகமும் வரவில்லை. எல்லாரும் தலையை அண்ணாந்து கத்திக்கொண்டிருந்த நேரத்தில் வெள்ளச்சி தன்னை இழுத்துக்கொண்டு வந்து வெளிவாசல் இலையை முடித்துவிட்டது.

"பாத்தீங்களா, மருத்துவிச்சியே வந்து சாப்பிட்டுட்டாங்க" என்றாள் மாரியாயி அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அத்தான் மட்டும் இலையைப் பார்த்தபடி நின்றார்.

அடுத்த நாள் காலை நீல மருந்து செங்கல் நிறமாகிவிட்டது. அத்தான் வழக்கமான அளவுதான் போட்டார். பதற்றத்தில் கூட்டிப் போட்டால் நாய் மயங்கி விழுந்துவிடும் என்று நீ எச்சரித்தது அவருக்கு மறக்கவில்லை. "தண்ணி கேட்டுக்கிட்டே இருக்கும் மாப்ள, குடுத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுத் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு வேலைக்குப் போனார்.

சட்டித் தண்ணீர் எவ்வளவு வைத்தாலும் நிற்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்கு நடந்தேன். மலையிலிருந்து வரும் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டும் அந்த இடத்தில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். தாகம் தாங்காமல் வெள்ளச்சி என் பின்னாலேயே தவழ்ந்து வந்ததை நான் பார்க்கவில்லை. அவர்கள்தான் பார்த்தார்கள்.

"ஐயோ, வாய் ஒழுகுது, இடுப்பு விழுந்துருச்சி. வெறிதான். புள்ளைகளத் தூக்குங்கடி."

அவர்களைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்தின் மேல்பிரிவில் ஒரு வெறிநாய் ஆளைக் கடித்திருந்தது. தள்ளாடி நடக்கும் நாயைக் கண்டால் சுடச் சொல்லித் தோட்டத்தில் உத்தரவு. காவல்காரர் துப்பாக்கியோடு சுற்றிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு இறங்கி வந்தார்.

நான் நடுவில் போய் நின்றேன். "இது வெறியில்லண்ணே. சீனி வியாதி."

"நாய்க்குச் சீனியா? நமக்கே கூப்பனுக்கு அளந்துதான் தாறாங்க. தள்ளுங்க தம்பி. பேப்பர்ல எழுதுறதுன்னாப் பொறவு எழுதிக்கிருங்க."

அப்போது மாரியாயி அக்கா தன் குடத்தைத் தள்ளி வைத்தாள். "சுடுறதுக்கு முந்தி தண்ணியக் காட்டுங்கய்யா. வெறிநாயின்னா தண்ணியக் கண்டு எகிறும்ல? எகிறுனாச் சுடுங்க. எகிறலேன்னா என் மூஞ்சியில முழிக்காதீங்க."

காவல்காரர் துப்பாக்கியை இறக்கவில்லை. ஆனால் காத்திருந்தார். வெள்ளச்சி யாரையும் பார்க்கவில்லை. பீலிக்குக் கீழே போய்த் தலையை நீட்டிக் குடிக்கத் தொடங்கியது. முகமெல்லாம் தண்ணீர் கொட்டக் கொட்டக் குடித்தது. பின்பக்கம் சரிந்து சேற்றில் உட்கார்ந்த பிறகும் வாயை எடுக்கவில்லை.

யாரோ சொல்லி அத்தான் ஸ்டோரிலிருந்து ஓடி வந்தார், தலையெல்லாம் தேயிலைத் தூள். துப்பாக்கியை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. தோள் துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, "குடிக்கட்டும்" என்றார்.

"எம்மாடி, பீலியவே வத்த வச்சிரும் போல" என்றார் காவல்காரர். துப்பாக்கி தோளுக்குப் போனது. "ஆனா அண்ணே, இனிமே கையில புடிக்காம வெளிய விடாதீங்க. எல்லா நேரமும் நானே வர மாட்டேன்."

சாயந்தரம் தோட்டத்து டாக்டர் ஐயாவிடம் கேட்டேன். தண்ணீர் குடிப்பதை வைத்து வெறி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, ஆரம்பத்தில் குடிக்கும் நாயும் உண்டு என்றார். இந்தக் கடிதம் பத்திரிகையில் வந்தால் வாசகர்களும் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எங்களைக் காப்பாற்றியது ஒரு தவறான நம்பிக்கை. அதற்குச் சாட்சி சொன்னது அந்தத் தாகம். தாகமோ வியாதியின் தாகம், உன் படையல் கூட்டிவிட்ட தாகம். இதை யார் கணக்கில் எழுதுவது அக்கா? உன் கணக்கிலா, வெறும் அதிர்ஷ்டத்தின் கணக்கிலா?

வெள்ளச்சி சில நாளில் தெளிந்துவிட்டது. அத்தான் ஸ்டோரில் இருக்கும் நேரங்களில் சாக்குத் துண்டை மாரியாயி அக்கா பிடிக்கிறாள். வெள்ளச்சிக்கு இனிப்புத் தேத்தண்ணி ஊற்றுகிறவர்கள் தன்னிடம் பதில் சொல்ல வேண்டும் என்று லயம் முழுக்க அறிவித்திருக்கிறாள்.

புறப்படும் காலையில் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் வெள்ளச்சியின் முதுகுத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பிடித்து, ஊசியை இறக்குவதற்குச் சற்று முன்னால், உனக்கு ஊசி போடும்போது சொல்வாரே அதே பொய்யை, அதே குரலில் சொன்னார்:

"முடிஞ்சிச்சு புள்ள."

வெள்ளச்சி காதை ஒருமுறை ஆட்டியது. அந்த நாய்க்கு இன்னும் எவ்வளவு காலம்? அதன் பிறகு அவர் காலையில் எழுந்து யாரிடம் அதைச் சொல்வார்? எனக்குத் தெரியவில்லை.

தெரிந்ததை மட்டும் உனக்கு வாக்காகத் தருகிறேன். கொழும்புக்கு வரச் சொல்லி அவரை இனிக் கேட்க மாட்டேன். மருந்து தீருமுன் ஐஸ் போட்ட பிளாஸ்கில் நானே ரயிலில் கொண்டுவருவேன். அடுத்த வருஷம் உன் இலையில் கருவாட்டுக் குழம்பும் பாகற்காயும் சீனி போடாத தேத்தண்ணியும்தான். உனக்கு எட்டாமல் போன இனிப்பை வைக்கிறவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ கோபித்துக்கொள்ளாதே. காகம் வந்தாலும் சரி, வெள்ளச்சி வந்தாலும் சரி, யார் தின்றாலும் கெடுதல் வராத இலையாக அது இருக்கும்.

வெள்ளச்சியின் மாமனும்
உன் தம்பியுமான நான்