அப்பா இழுத்துக்கொண்ட கை

கடலூர்

அன்பு மகள் சகாயத்துக்கு,

ஆஸ்பத்திரி மேல் போடுகிற கேஸ் பேப்பர்களில், சிதம்பரத்து வக்கீல் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலும் இருக்கிறது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று அப்பா சொன்னதை முதலில் வந்த நர்ஸ் அதில் எழுதித்தான் வைத்திருக்கிறாள். நீ சொன்னது சரிதான்.

வக்கீலிடம் நான் ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

எமர்ஜென்சியில் அன்றைக்குக் கூட்டம் ஜாஸ்தி. வேறொரு நர்ஸ் ஊசியோடு வந்தாள். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, "இது என்ன மருந்தும்மா?" என்று கேட்டார்.

"டாக்டர் எழுதினதுதான் சார்" என்றாள் அவள். அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

"சும்மா இருங்க மாமா, அவுங்களுக்குத் தெரியாதா?" என்று நான்தான் அந்தக் கையைப் பிடித்துக்கொடுத்தேன். ஊசி ஏறும்போது அப்பா என்னையே பார்த்தார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

கல்லறைத் திருநாளில் நீ, "நீயாவது பக்கத்துல இருந்தியேம்மா" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இதையும் மனுவில் சேர்க்கச் சொல். கேஸ் தோற்றாலும் பரவாயில்லை.

படித்தவுடன் போன் பண்ணாதே. என் முகத்தைப் பார்க்க முடிகிற அன்றைக்கு வா.

உன் அம்மா